கருவி வாங்கப் பணம் உண்டு, ஓட்ட இல்லை: அரசு மருத்துவமனைகளுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

அடுத்த நிதியாண்டுக்கான தேவைப் பட்டியல் படிவம் வந்திருக்கிறது. கருவியின் பெயர், எண்ணிக்கை, உத்தேச விலை, எதற்காகத் தேவை என்று நான்கு பத்திகள். ஏற்கெனவே இருப்பதில் எது ஓடுகிறது, எது நின்று கிடக்கிறது, நின்றதை ஓடவைக்க என்ன செலவாகும் என்று கேட்கும் பத்தி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, வாரண்டி முடிந்த கருவிகளின் பராமரிப்பை அந்தந்த மருத்துவமனையே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் பணத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆய்வுக் கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. எழுத்தில் கேட்டால் பதில் வருவதில்லை. இந்த இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எழுதுகிற நாங்கள் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் கருவிப் பராமரிப்பு, ஆக்சிஜன் குழாய், மின் இணைப்பு, டயாலிசிஸ் தண்ணீர் ஆகிய வேலைகளைப் பார்க்கும் பொறியாளர்களும் டெக்னீஷியன்களும். பெயர் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். எங்களில் பெரும்பாலோர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்.

முதலில் ஆக்சிஜன் பிளான்ட். 2021-இல் கோவிட் இரண்டாம் அலைக்குப் பிறகு பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும் நாடு முழுக்க, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் 1,200-க்கும் மேற்பட்ட பி.எஸ்.ஏ. பிளான்ட்களுக்கு ஒப்புதல் தரப்பட்டது. தொழில் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் கொடுத்தவை தனி. அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வைத்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் பேச்சு.

பி.எஸ்.ஏ. பிளான்ட் செய்யும் வேலை எளிமையானது. கம்ப்ரசர் காற்றை இழுத்து அழுத்துகிறது. டிரையரும் ஃபில்டர்களும் ஈரத்தையும் எண்ணெய்த் துளிகளையும் பிரிக்கின்றன. சியோலைட் மணிகள் நிரப்பிய இரண்டு கோபுரங்களில் காற்று மாறி மாறிச் செல்லும்போது சியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது, மறுமுனையில் 93 சதவீதம் தூய்மையான ஆக்சிஜன் வருகிறது. மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம். இதில் உயிர்நாடி அந்தச் சியோலைட். அதற்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர்மேல் ஆசை அதிகம். ஒருமுறை ஈரம் ஏறிவிட்டால் வழக்கமான சுழற்சியில் அது முழுதாக உலர்வதில்லை. பிளான்ட் பல மாதம் நின்றால் ஏர் டேங்க்கில் தண்ணீர் தேங்கும், ஆட்டோ டிரெயின் வால்வு துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் யாரோ ஆய்வுக்கு வருகிறார்கள் என்று அவசரமாக ஆன் செய்வார்கள். டிரையர் குளிர்ந்து தயாராவதற்குள் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும், தேங்கிய தண்ணீர் நேராகக் கோபுரத்துக்குள் போகும். ஆக்சிஜன் தூய்மையை அளக்கும் அனலைசர் 80, 75 சதவீதம் என்று காட்டும். பிளான்டை நிறுத்திப் பூட்டுவார்கள். ஆய்வுக் குறிப்பில் மட்டும் 'நிறுவப்பட்டுள்ளது' என்றிருக்கும்.

சரி, ஏன் அது மாதக்கணக்கில் நிற்கிறது? ஊழியர் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நாங்கள் பார்த்த காரணங்கள் வேறு. பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் திரவ ஆக்சிஜன் டேங்க்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே குழாயில் சேர்கின்றன. டேங்க் பக்க ரெகுலேட்டர் 4.5 பார் அழுத்தத்திலும் பிளான்ட் பக்கம் 4.2 பாரிலும் இருந்தால் பிளான்ட்டிலிருந்து ஒரு சொட்டு ஆக்சிஜன்கூட வார்டுக்குப் போகாது. ஒருவழியாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு திறக்கவே திறக்காது. ரெகுலேட்டரைத் திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், ஆனால் யார் திருகுவது என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. டேங்க் ஒரு நிறுவனத்துடையது, குழாய் இன்னொரு நிறுவனம் போட்டது, பிளான்ட் யாரோ நன்கொடையாகக் கொடுத்தது.

இரண்டாவது காரணம் மின்கட்டணம். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் பிளான்டின் கம்ப்ரசர் ஏறக்குறைய 75 கிலோவாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 1,800 யூனிட். உயரழுத்த மின் இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் போதாது, மாதத்தில் எட்டிய உச்சத் தேவைக்கும் கட்ட வேண்டும். நண்பகலில் எல்லா ஏ.சி.யும் ஓடும் நேரத்தில் ஒரு மணி நேரம் பிளான்டைச் சோதனைக்கு ஓட்டினாலே அந்த மாத உச்சத் தேவை ஏறிவிடும், ஒப்பந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும். பில்லைப் பார்த்த கண்காணிப்பாளர் 'ஓட்டாதீர்கள்' என்று சொல்வதில் என்ன தப்பு? பிளான்ட் வந்தபோது மின்கட்டணத் தலைப்பில் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரப்படவில்லை. இதற்கு வழி இருக்கிறது. வாரத்துக்கு இருமுறை, அதிகாலையில், டிரையரை முதலில் போட்டு அது தயாரான பிறகு கம்ப்ரசரை எடுத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் வார்டுக்கே ஆக்சிஜன் கொடுத்து ஓட்ட வேண்டும். வெளிக்காற்றில் விட்டு ஓட்டுவது சோதனை ஆகாது. ஆனால் இதைச் செய்ய ஆபரேட்டர் வேண்டும். அந்தப் பணியிடம் பெரும்பாலான இடங்களில் இல்லை.

எல்லாப் பிளான்டையும் காப்பாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. டேங்கர் லாரி சில மணி நேரத்தில் வந்துவிடும் ஊரில், சியோலைட் நனைந்து கிடக்கும் பிளான்டுக்குப் புதுச் சியோலைட் நிரப்புவது வீண். ஏலம் விடுங்கள். மலைப்பகுதியிலும், புயல் வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்படும் கடலோரத்திலும் இருப்பவற்றை முழு ஒப்பந்தத்தோடு ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே, ஓடுவதாகக் கணக்கில் காட்டிக்கொண்டு கிடப்பதுதான் ஆபத்து. அடுத்த நெருக்கடியில் அந்தக் கணக்கை நம்பித்தான் நீங்கள் முடிவெடுப்பீர்கள்.

வென்டிலேட்டர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2020-இல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. அவற்றில் பல மாடல்களில் இருக்கும், ஆக்சிஜன் அளவை உணரும் ஆக்சிஜன் செல், கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறையைப் பிரித்த நாளிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். ஒன்று முதல் இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் பேட்டரியும் அப்படித்தான். ஸ்டோரில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் வென்டிலேட்டர் 'நல்ல நிலையில்' இருப்பதாக நினைக்காதீர்கள்.

இனி ஒப்பந்த விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் ஒழுகுவது இங்கேதான்.

பராமரிப்பு ஒப்பந்தம் இரண்டு வகை. ஏ.எம்.சி. என்றால் ஆள் கூலி மட்டும், உதிரிபாகத்துக்குத் தனிப் பணம். சி.எம்.சி. என்றால் உதிரிபாகமும் சேர்த்து. சி.எம்.சி. கட்டணம் பொதுவாகக் கருவி விலையில் ஆண்டுக்கு 5 முதல் 8 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க் கருவி, மூன்று ஆண்டு வாரண்டி, அதன்பின் ஏழு ஆண்டு 6 சதவீத சி.எம்.சி. என்று வையுங்கள். 42 லட்சம், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 49 லட்சத்து 56 ஆயிரம். அதாவது பத்து ஆண்டில் அந்தக் கருவியின் உண்மை விலை ஒன்றரைக் கோடி. மின்சாரம், ரீஏஜென்ட் எனும் பரிசோதனை ரசாயனம், ஃபிலிம், ஆள் சம்பளம் இதில் இல்லை. நிதி ஒப்புதல் கோப்பில் ஒரு கோடி என்று மட்டும் எழுதி, மீதி அரைக் கோடி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்காமல் கையெழுத்தாகிறது.

வாரண்டி முடிந்த பிறகு சி.எம்.சி. விலையைப் பேசப் போனால் நிறுவனம் சொல்வதுதான் விலை. மென்பொருள் கடவுச்சொல்லும் உதிரிபாகமும் அவர்களிடம் மட்டுமே இருக்கும்போது யாரோடு போட்டி வைப்பீர்கள்? பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்கும் ஒரே நாள், கொள்முதல் ஆணை கொடுப்பதற்கு முந்தைய நாள். அன்றே பத்தாண்டு சி.எம்.சி. விலையையும் முக்கிய உதிரிபாகங்களின் விலையையும் எழுதி வாங்கி, மொத்தத்தையும் கூட்டி யார் குறைவு என்று பார்க்க வேண்டும். கருவி விலையை மட்டும் பார்த்துக் குறைந்த புள்ளிக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ரத்தப் பரிசோதனை அனலைசர் நல்ல உதாரணம். கருவியை அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். அது அவர்களுடைய ரீஏஜென்ட்டை மட்டுமே ஏற்கும். பார்கோடு பொருந்தாத பாட்டிலை வைத்தால் ஓடாது. இரண்டாவது ஆண்டிலிருந்து ரீஏஜென்ட் விலையில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ரீஏஜென்ட் வாங்கப் பணமில்லாமல் அனலைசர் நிற்கும், நோயாளி வெளியே தனியார் லேப்புக்குச் சீட்டோடு போவார்.

ஒப்பந்தம் இருந்தாலும் அது காகிதத்தில்தான். தேசிய சுகாதார இயக்கம் 2015-இல் கருவிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது 29 மாநிலங்களில் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். ஏழரை லட்சத்துக்கும் அதிகமான கருவிகள். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை செயல்படாமல் கிடந்தன. மாவட்ட மருத்துவமனையில் 95 சதவீத நேரம், சமுதாய நல மையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரம் கருவி ஓட வேண்டும் என்று அப்போது இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்கு. அதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கருவி திங்கட்கிழமை காலை நிற்கிறது. நர்ஸ் நிறுவனத்தின் இலவச எண்ணுக்குப் போன் போடுகிறார். புகார் எண் வெள்ளிக்கிழமைதான் வருகிறது. கணக்கு வெள்ளியிலிருந்து. சர்வீஸ் ஆள் வந்து திறந்து பார்த்து, ரிப்போர்ட்டில் 'உதிரிபாகம் எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதுகிறார். அந்த வரி விழுந்ததும் அபராதத்துக்கான நேரக் கணக்கு நின்றுவிடும். ஆறு வாரம் கழித்துப் பாகம் வந்து மாட்டியதும் 'கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதிப் பணியில் இருக்கும் நர்ஸிடம் கையெழுத்து வாங்கிப் போவார். மறுநாள் மறுபடி நின்றால் அது புதுப் புகார். இப்படியே கூட்டிப் பார்த்தால் ஓராண்டில் மூன்று மாதம் நின்ற கருவிக்கும் 96 சதவீதம் வரும். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சி.எம்.சி. பில் தலைநகரில் பாஸ் ஆகிறது. கருவி நின்ற நாட்கள் வார்டு பதிவேட்டில் இருக்கின்றன. இரண்டு காகிதமும் ஒரே மேசையில் சந்திப்பதே இல்லை. வார்டு சான்று இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று ஒரு வரி உத்தரவு போட்டால் போதும், பாதி நிறுவனங்கள் தாமே ஓடி வருவார்கள்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வருகிறோம். படுக்கை கூட்டுவது எளிது, திறப்பு விழாவுக்கும் நன்றாக இருக்கும். ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேர டயாலிசிஸில் நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் 120 லிட்டர் தூய தண்ணீர் போகிறது. பத்து மெஷின், மூன்று ஷிஃப்ட் என்றால் 3,600 லிட்டர். ஆர்.ஓ. பாதியை வெளியே தள்ளினால் மூலத் தண்ணீர் 7,200 லிட்டர் வேண்டும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்க்காமல் படுக்கையை ஐந்திலிருந்து பத்தாக்கிய இடங்களில் கோடையில் மூன்றாவது ஷிஃப்ட் ரத்தாகிறது. ஷிஃப்ட் ரத்து என்றால் யாரோ ஒருவர் வாரத்துக்கு மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்று பொருள்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து குளோரின். காய்ச்சல், வயிற்றுப்போக்கு பரவும் காலத்தில் மருத்துவமனைச் சம்ப்பில் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவார்கள். சுகாதாரப் பிரிவுக்கு அது கடமை. டயாலிசிஸ் பிரிவுக்கு யாரும் சொல்வதில்லை. கார்பன் டேங்க்கில் கரி மாற்றி இரண்டு மூன்று ஆண்டு ஆகியிருந்தால் குளோரின் அப்படியே தாண்டி வரும். ஆர்.ஓ. சவ்வும் கெடும், நோயாளியின் ரத்தச் சிவப்பணுக்களும் உடையும். ஆர்.ஓ. பேனலில் இருக்கும் மீட்டர் உப்பைத்தான் காட்டும், குளோரினையும் கிருமியையும் காட்டாது. 'மீட்டர் பச்சையாகத்தான் இருந்தது' என்பது பதிலாகாது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் கார்பன் டேங்க்குக்குப் பிறகான தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கிறதா என்று கிட் வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை கிருமி எண்ணிக்கையும், கிருமி விடும் நச்சான எண்டோடாக்சினும் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவின் மொத்தச் செலவில் அந்தக் கிட்டின் விலை ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் மருந்துப் பட்டியலிலும் இல்லை, கருவிப் பட்டியலிலும் இல்லை என்பதால் அதை இண்டென்ட் (தேவைச் சீட்டு) போட்டு வாங்க வழியில்லை. சில இடங்களில் டெக்னீஷியன்கள் கைக்காசில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்து 10 குழந்தைகள் இறந்தன. அதன்பின் எல்லா மாநிலங்களிலும் தீத்தடுப்பு ஆய்வு செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கமும் தீயணைப்பான் சிலிண்டர்கள் வந்து சுவரில் தொங்கின. சுவருக்குள் இருக்கும் ஒயரை யாரும் பார்க்கவில்லை. 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்ட சர்க்யூட்டில் வார்மர், போட்டோதெரபி விளக்கு, ஏ.சி. என்று ஒவ்வொன்றாகக் கூடும். சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகும். வார்டில் குழந்தைகள் இருக்கிறார்களே என்ற பதற்றத்தில் யாராவது 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடுவார்கள். டிரிப் ஆவது நிற்கும். இப்போது எம்.சி.பி. டிரிப் ஆகும் முன்பே ஒயர் சூடாகிவிடும். புதுக் கருவி ஒன்று வார்டுக்குள் வரும் முன் அந்தச் சர்க்யூட் தாங்குமா என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். கருவி வாங்குவது ஒரு துறை, ஒயர் பார்ப்பது இன்னொரு துறை என்றிருக்கும்வரை அந்தக் கையெழுத்து வராது.

யு.பி.எஸ். பேட்டரியும் இதில் சேர்த்திதான். 25 டிகிரியில் ஐந்து ஆண்டு உழைக்கும் பேட்டரி, 35 டிகிரி அறையில் அதில் பாதிதான் உழைக்கும். செலவைக் குறைக்க பேட்டரி அறை ஏ.சி.யை அணைத்த மருத்துவமனைகள், மிச்சம் பிடித்த மின்கட்டணத்தைவிட அதிகமாகப் பேட்டரிக்குக் கொடுக்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவியின் குளிரூட்டியை (சில்லர்) இரவில் நிறுத்தலாமா என்று கேட்டவர்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. காந்தத்தின் ஹீலியத்தைக் குளிர்விக்கும் கம்ப்ரசர் அதை நம்பித்தான் ஓடுகிறது, அதற்கு இரவு பகல் கிடையாது. அது நின்றால் ஹீலியம் ஆவியாகும், மறுபடி நிரப்புவதற்கு லட்சங்கள் ஆகும்.

இப்போது காப்பீட்டுப் பணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது, அரசு மருத்துவமனைகளும் சிகிச்சை செய்து கிளெய்ம் பெறுகின்றன. அந்தப் பணம் பல வார்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது யாருக்கு வருகிறது? எலும்பு முறிவு மருத்துவரும் இதய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு வருகிறது. நிபுணர் பணியிடம் காலியாக இருக்கும் தாலுகா மருத்துவமனைக்குக் கிளெய்ம் எங்கிருந்து வரும்? அங்கேயும் எக்ஸ்ரே கெட்டுப்போகும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் கேஸ்கெட் கிழியும், அறுவை அரங்க விளக்கு அணையும். எங்கே நிபுணர் இல்லையோ அங்கே கருவியும் நிற்கட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பொருள். தவிர, அந்தப் பணம் ஏற்கெனவே துப்புரவு ஒப்பந்தத்துக்கும், அவசரமாக வெளியே வாங்கும் மருந்துக்கும், தற்காலிக ஊழியர் சம்பளத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. கிளெய்ம் ஒரு மாதம் தாமதமானால் எல்லாம் ஆட்டம் காணும். நிலையான செலவை நிலையில்லாத வரவில் கட்டிவைக்கச் சொல்கிறீர்கள்.

ஒதுக்கீடு வரும் சமயத்தில்கூட அது வரும் நேரம் வினோதமானது. மார்ச் இரண்டாம் வாரத்தில் பணம் வரும், 31-க்குள் செலவாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து எட்டு வாரத்தில் வரும் சி.டி. டியூபை அந்த இரண்டு வாரத்தில் வாங்க முடியாது. ஆகவே டிராலியும் இரும்பு அலமாரியும் வாங்கிக் கணக்கை முடிப்பார்கள். மாநிலத்தில் உள்ள மருத்துவமனை அலமாரிகளை எண்ணினாலே எந்தெந்த ஆண்டில் பராமரிப்புப் பணம் தாமதமாக வந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த மாநிலத்துக்கு இதெல்லாம் தெரியாத வித்தை இல்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, 1995 முதல் மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் எழுதிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். எதை எவ்வளவு எடுப்பது என்பதை மருத்துவமனை முடிவு செய்யும், விலையையும் தரச் சோதனையையும் கழகம் பார்க்கும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. மாத்திரைக்கு முப்பது ஆண்டுக்கு முன் செய்ததை உதிரிபாகத்துக்கும் சர்வீஸுக்கும் செய்வதற்கு என்ன தடை?

ஆள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு பயோமெடிக்கல் பொறியாளருக்கு மருத்துவமனையின் கருவிகள் எல்லாம் பழக்கமாக ஓராண்டு ஆகும். ஒப்பந்தச் சம்பளத்தில் இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் தனியாருக்குப் போய்விடுவார். கருவி வரலாறு அவர் செல்போனில் இருந்தது, அதுவும் அவரோடு போய்விடும். இருப்பவருக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கருவி கிடையாது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் 200 ஜூல் என்று காட்டும்போது உண்மையில் 200 ஜூல் தருகிறதா என்று அனலைசர் இல்லாமல் எப்படிச் சொல்வது? ஸ்டிக்கர் மட்டும் ஒட்டலாம். ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அனுப்பிய படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். நிற்கும் கருவிகள், நின்ற நாள், காரணம், சரிசெய்யும் செலவு ஆகிய பத்திகளைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். அந்தப் பத்திகள் நிரப்பப்படாமல் புதுக் கருவி எதற்கும் ஒப்புதல் தராதீர்கள்.

எந்தக் கொள்முதல் கோப்பும் பத்தாண்டுச் செலவுத் தாள் இல்லாமல் நகரக் கூடாது. விலை, வாரண்டிக்குப் பிந்தைய சி.எம்.சி., ரீஏஜென்ட் அல்லது நுகர்பொருள், மின்சாரம், ஆள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளியை மொத்தச் செலவில் மதிப்பிடுங்கள். நன்கொடைக் கருவிக்கும் இதே விதி. கொடுப்பவர் ஐந்தாண்டு சி.எம்.சி.யும் சேர்த்துத் தர முடியாவிட்டால் நன்றி சொல்லி மறுக்கும் அதிகாரத்தை மருத்துவமனைத் தலைமைக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு மருத்துவமனையிலும் உள்ள கருவிகளின் மொத்த மதிப்பில் குறைந்தது 6 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புத் தலைப்பில் ஏப்ரல் மாதமே ஒதுக்குங்கள். அது மார்ச் 31-இல் காலாவதியாகாதபடி விதியைத் திருத்துங்கள். மருந்துக்கு இருப்பதுபோல் பராமரிப்புக்கும் பாஸ்புக் கொடுங்கள். உயிர்காக்கும் கருவிக்கான உதிரிபாகத்தை மேலிட அனுமதிக்குக் காத்திராமல் 48 மணி நேரத்தில் வாங்க, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு முறைக்கு 2 லட்சம் ரூபாய் வரை அதிகாரம் கொடுங்கள். காப்பீட்டுப் பணத்தில் பராமரிப்பைப் பார்க்கச் சொல்லும் வாய்மொழி உத்தரவை எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

கருவி நின்ற நேரம் வார்டு பதிவேட்டில் எழுதிய மணியிலிருந்தே எண்ணப்பட வேண்டும். உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களும் அதில் சேர வேண்டும். மருத்துவமனைப் பொறியாளரின் சான்று இணைக்கப்படாத சி.எம்.சி. பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.

டயாலிசிஸ் தண்ணீர்ச் சோதனைக் கிட், ஆக்சிஜன் செல், ஃபில்டர், ஆட்டோகிளேவ் கேஸ்கெட் போன்றவற்றை இண்டென்ட் போடக்கூடிய பட்டியலில் சேருங்கள். இதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு நிரந்தர பயோமெடிக்கல் பொறியாளர், இரண்டு டெக்னீஷியன், ஆக்சிஜன் பிளான்டுக்கு ஷிஃப்டுக்கு ஒரு ஆபரேட்டர் என்று பணியிடம் உருவாக்குங்கள். சோதனைக் கருவிகளை மண்டலத்துக்கு ஒரு தொகுப்பாவது வாங்கிக் கொடுங்கள். புதுக் கருவி வார்டுக்குள் நுழையும் முன் மின்சுமைச் சான்றில் மருத்துவமனைப் பொறியாளரும் கட்டடத் துறையின் மின் பொறியாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் எம்.சி.பி. அளவும் ஒயர் அளவும் பொருந்துகிறதா என்ற ஆய்வை மூன்று மாதத்தில் முடியுங்கள்.

கண்டம் செய்ய (பயன்படாது என்று கழித்துக்கட்ட) வேண்டிய கருவிகளை முடிவு செய்யும் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். பழுதான கட்டில்களும் மானிட்டர்களும் வராந்தாவில் அடுக்கிக் கிடப்பதால் ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லாத மருத்துவமனைகள் இருக்கின்றன.

பி.எஸ்.ஏ. பிளான்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, தூய்மை அளவைத் தேதியோடு எழுதி, ஓட்டுவதா ஏலம் விடுவதா என்று வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முடிவெடுங்கள். எந்த மருத்துவமனையில் எந்தக் கருவி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலை மாதந்தோறும் 10-ஆம் தேதிக்குள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளின் கருவிப் பராமரிப்புப் பொறியாளர்கள், டெக்னீஷியன்கள்